பீடி சுற்றும் ஊரில் மூன்று நாட்கள்

ஆனி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமையன்று திருநெல்வேலிச் சந்திப்பில் செங்கோட்டை செல்லும் வண்டியில் ஏறி அமர்ந்தோம். பேட்டையைத் தாண்டியதும் வெயில் தணிந்தது. சேரன்மகாதேவியில் மேற்கு மலைத்தொடர் ஒரு நீலக்கோடாகத் தெரிந்தது. கல்லிடைக்குறிச்சியைக் கடந்து தாமிரபரணிப் பாலத்தின்மேல் வண்டி உருண்டபோது அந்நீலம் கரும்பச்சையாகி, உச்சியில் மேகம் கவிழ்ந்திருந்தது. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அம்பாசமுத்திரத்தில் சாளரத்தின் வழியே புகுந்த காற்றே ஈரமாக இருந்தது.

அக்காற்றில் புகை நெடி இல்லை என்பதையும் சொல்லவேண்டும். இவ்விருப்புப்பாதை 2012-ஆம் ஆண்டில் அகலப்பாதையாக மாறியது. அதற்கு நெடுங்காலம் முன்னர், மரப்பலகை இருக்கைகளில் நெருக்கியடித்துக்கொண்டு நாம் இவ்வழியே சென்ற நாட்களில், ஒவ்வொரு நிலையம் தாண்டியதும் நாலைந்து தீக்குச்சிகள் ஒருங்கே உரசப்படும். தந்தையாரின் மடியிலமர்ந்து, அவருடைய பீடிப்புகையினூடே இம்மலையைப் பார்த்தது நன்கு நினைவிருக்கிறது. அன்று எவரும் அதைக் குறையாகக் கருதவில்லை. இன்று வண்டியில் அறுபது பேர் இருந்தும் ஒருவராவது பற்றவைக்கக் காணோம். இருப்பூர்திச் சட்டமும், 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த பொது இடப் புகைத்தடையும் காரணமாக இருக்கலாம். நம் மக்களின் பழக்கம் எந்நாளும் மாறாது என்று சாதிப்போர் இவ்வண்டியில் ஒருமுறை ஏறிப் பார்ப்பது நல்லது.

நாம் சாரலில் குளிக்கப் புறப்பட்டவர்கள் அல்லர். பாவூர்ச்சத்திரத்திலிருந்து மூன்று கல் தொலைவிலுள்ள ஒரு சிற்றூரில் நம் தமக்கையார் வாழ்கிறார். முந்தின வாரம் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, ஒரு நடை வந்துவிட்டுப் போ” என்றார். குரல் சரியில்லை. பத்தாம் வகுப்பில் படிக்கும் அவருடைய பேரனின் புத்தகப் பையில் மூன்று பீடிகளும் ஒரு தீப்பெட்டியும் இருந்ததை ஆசிரியர் கண்டெடுத்து, தகப்பனை அழைத்து வருமாறு அனுப்பிவிட்டாராம். “சேர்க்கை சரியில்லை தம்பி, எல்லாம் சேர்க்கையால் வந்த வினை” என்று தமக்கையார் அழுதார்.

சேர்க்கை! பிள்ளை கெட்டால் எந்தப் பெற்றோரும் முதலில் சொல்லும் சொல் இதுதான். அடுத்த வீட்டுப் பெற்றோரும் அதே வேளையில் நம் பிள்ளையைச் சுட்டி அதே சொல்லைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பாவூர்ச்சத்திரத்தில் இறங்கியவுடன் காய்கறிச் சந்தையின் இரைச்சல் வரவேற்றது. கத்தரி, வெண்டை, முருங்கை, பல்லாரி என மூட்டை மூட்டையாக ஏற்றப்பட்டு, மலை கடந்து கேரளத்துக்குப் போகின்றன. நம் தமக்கையாரின் மகன் அத்தகைய சுமைவண்டி ஒன்றை ஓட்டுபவர். இரவு பத்து மணிக்குப் புறப்பட்டால் விடிவதற்குள் கொல்லம் சேரவேண்டும். அவருக்கு உறக்கம் வராமல் காப்பது, தேநீரும் பீடியும்.

இப்பகுதிக்குப் புதிதாக வருவோர் ஒன்றைக் கவனிப்பர். ஆலங்குளம், கடையம், பாவூர்ச்சத்திரம், ஆற்றின் வடகரையிலுள்ள முக்கூடல் என எங்கே சென்றாலும், பிற்பகல் நேரத்தில் திண்ணைதோறும் பெண்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு தலை கவிழ்ந்து அமர்ந்திருப்பார்கள். (முக்கூடல் என்றதும் முக்கூடற்பள்ளு நினைவுக்கு வரும்; அந்நூல் பாடும் முக்கூடல் இதுவன்று, சிற்றாறு வந்து கலக்கும் சீவலப்பேரிப் பக்கம் என்பர் அறிஞர்.) மழையை நம்பிய மண், வெளியே கூலிக்குச் செல்லத் தயங்கும் பெண்கள், வீட்டிலிருந்தபடியே செய்யத்தக்க வேலை. பீடி இங்கே வேரூன்றியதற்கு வேறு மர்மமில்லை. இலை, சத்தீசுகர், மத்தியப் பிரதேசம், ஒடிசா ஆகிய நாடுகளின் காடுகளிலிருந்து வருகிறது. புகையிலைத்தூள், குசராத்திலிருந்தும் கருநாடகத்து நிப்பாணியிலிருந்தும் வருகிறது. நம் பெண்கள் தருவது விரல்களை மட்டுமே.

தமக்கையார் வீட்டுத் திண்ணையிலும் அன்று மூன்று சுளகுகள் இருந்தன. ஒன்று அவருடையது, மற்றொன்று மருமகளுடையது, மூன்றாவது அண்டை வீட்டுப் பெண்ணுடையது. இரவில் நனைத்து ஈரத்துணியில் சுற்றிவைத்த இலையை எடுத்து, தகட்டின் அளவுக்குக் கத்தரியால் நறுக்கி, ஒரு சிட்டிகைத் தூளை வரிசையாகத் தூவி, உருட்டி, நூல் சுற்றி, முனையை மடித்துத் தள்ளுகிறார் தமக்கையார். கண் நம்மைப் பார்க்கிறது, வாய் குடும்பக் கதை பேசுகிறது, விரல்கள் தம் போக்கில் ஓடுகின்றன. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்த ஆயிரத்தை முடிக்க ஒரு முழுநாள் குனிந்திருக்கவேண்டும். ஐம்பது ஆண்டுகளாகக் குனிந்த முதுகு இனி நிமிராது. தூள் நாசியில் ஏறுகிறது. அதன் நஞ்சு தோல் வழியாகவும் உடலில் சேர்கிறது. பீடியை ஒருநாளும் வாயில் வைத்தறியாத அம்மாளுக்கு இரவெல்லாம் இருமல்.

இத்தொழிலாளருக்காக 1966-இல் ஒரு சட்டமும், 1976-இல் நலநிதிக்கான சட்டமும் இயற்றப்பட்டன. குழந்தைகளைப் பீடித்தொழிலில் ஈடுபடுத்தலாகாது என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. முன்னாளில் பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளைகள் தாயின் அருகே அமர்ந்து முனை மடித்துக் கொடுப்பது வீட்டுக்கு வீடு கண்ட காட்சி. அது பெரிதும் குறைந்துவிட்டது. ஆயினும் பிள்ளைகள் வளர்வது அதே திண்ணையில்தானே! நம் பேரன் தவழ்ந்த வயதில் நறுக்கிய இலைத்துண்டுகளே அவனுக்கு விளையாட்டுப் பொருள். நூலின் நிறத்தைக் கண்டு இது இன்ன கம்பெனிப் பீடி என்று ஐந்து வயதில் சொல்வானாம். அதை அந்நாளில் நாமே கைதட்டிப் பாராட்டியிருக்கிறோம்.

“இந்தச் சுளகில் வந்த காசில்தான் அவன் படிக்கிறான். இதே கையால் அவனை எப்படித் தம்பி அடிப்பேன்?” என்று தமக்கையார் கேட்டார். நமக்கு விடை தோன்றவில்லை. மருமகள் மட்டும் தலை நிமிராமல், “அவனை அடிக்கவேண்டியது இல்லை அத்தை” என்றாள். யாரை என்று நாம் கேட்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை பையன் நம் முகத்தைப் பாராமல் ஒதுங்கியே திரிந்தான். நாமும் வலியச் சென்று பேசவில்லை.

ஞாயிறன்று குடும்பத்தோடு காலைத் திருப்பலிக்குச் சென்றோம். சிறிய ஆலயம், நல்ல கூட்டம். நற்செய்தி வாசகம் முடிந்து பங்குத் தந்தை மறையுரை தொடங்கினார். தொடங்கிய மாத்திரத்தில் பின்வரிசை ஆடவர் பதினைந்து பேர், யாரோ மணியடித்து அழைத்தாற்போல எழுந்து வெளியேறினர். இக்காட்சி எந்தப் பங்குக்கும் புதிதன்று. படிக்கும் அன்பர்கள் தத்தம் பங்கை நினைத்துப் புன்னகை செய்யலாம். மதிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அவர்கள் கூடிப் புகைத்தனர். அவர்களுக்குப் பத்தடி தள்ளி, மிதிவண்டிகளின்மேல் சாய்ந்துகொண்டு ஏழெட்டுச் சிறுவர்கள் நின்றனர். அவர்கள் கையில் ஒன்றுமில்லை. பெரியவர்கள் எப்படி விரலிடுக்கில் பிடிக்கிறார்கள், எப்படிச் சாம்பலைத் தட்டுகிறார்கள், எப்படிப் புகையோடு சேர்த்துச் சிரிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். விசுவாச அறிக்கை தொடங்கியதும் பெரியவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். சிறுவர்கள் சற்றுப் பொறுத்தே வந்தார்கள். மக்கள் நலத்துக்குத் தெளிவாகத் தீங்கு செய்யும் ஒன்றுக்குத் தான் துணைபோகலாகாது என்று கூறி, 2018 முதல் வத்திக்கான் நகரத்திற்குள் சிகரெட் விற்பனையையே திருத்தந்தை பிரான்சிசு நிறுத்திவிட்டார். நம் ஆலயத்து வேப்பமரத்தடிக்கு அச்செய்தி இன்னும் எட்டவில்லை போலும்.

அன்று மாலை, “தாத்தா, குளத்துக்கரைக்கு வருகிறீர்களா?” என்று பையனே வந்து கேட்டான். சாரல் தூறிக்கொண்டிருந்தது. குளத்தில் பாதி நீர், மீதி ஆம்பல். கரையோரம் ஓடு சரிந்த பழைய பம்புசெட்டு அறை ஒன்றைச் சுட்டி, “அங்கேதான்” என்றான்.

நான்கு பேர் சேர்க்கையாம். மட்டைப்பந்து ஆடிவிட்டு அங்கே ஒதுங்குவார்கள். ஒரே பீடி, நான்கு பேரிடமும் சுற்றிவரும். முதல்முறை இருமியவனை மற்றவர்கள் சிரித்தார்கள். வேண்டாமென்றவனைப் பெண்பிள்ளை என்று பழித்தார்கள். “ருசியாக இருந்ததா?” என்று கேட்டோம். “கசந்தது தாத்தா. வயிற்றைப் புரட்டியது. ஆனால் வேண்டாம் என்று சொன்னால் மறுநாள் ஆட்டத்துக்குக் கூப்பிடமாட்டார்கள்” என்றான். பதினைந்து வயதில் ஆட்டத்துக்கு அழைக்கப்படாமல் கரையில் நிற்பதைவிடப் பெரிய துன்பம் இவ்வுலகில் எது? நமக்கு அது மறந்துபோயிற்றே ஒழியத் தெரியாததன்று. எழுபதுகளின் இறுதியில் ரசினிகாந்து சிகரெட்டை மேலே வீசி வாயால் பிடிக்கும் காட்சியைத் திரையில் கண்டுவிட்டு, நாமும் நம் தோழர் மூவரும் மூன்று நாட்கள் பயிற்சி செய்தோம். பிடிக்க வரவில்லை, உதடு வெந்ததுதான் மிச்சம். ஆனால் கையில் ஏறிய சிகரெட்டு பதினாறு ஆண்டுகள் இறங்கவில்லை. அதே நடிகர் பிற்காலத்தில் புகைக்கவேண்டாமென்று இளைஞருக்கு அறிவுரை கூறினார் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்.

“பீடியை முதலில் கொண்டுவந்தது யார்?” என்று கேட்டோம். அந்த மூவரில் ஒருவன் பெயரைச் சொல்வான் என்று எதிர்பார்த்தோம். அவன் நெடுநேரம் நீரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நான்தான் தாத்தா” என்றான்.

நாம் அதிர்ந்துபோனோம். தமக்கையார் அஞ்சிய சேர்க்கை நம் பேரனே! மற்ற மூன்று வீட்டிலும் இந்நேரம் இவன் பெயரைச் சொல்லியே அழுதிருப்பார்கள்.

“எங்கே வாங்கினாய்?”

“நம் தெருமுனைக் கடையில். அப்பாவுக்கு என்று சொன்னால் கொடுத்துவிடுவார்கள்.”

திங்கட்கிழமை காலையில் அக்கடைக்குச் சென்றோம். முன்பு அங்கே ஒரு கயிறு தொங்கும். அதன் நுனி எந்நேரமும் கனன்றுகொண்டிருக்கும். வாங்குவோர் அதில் பற்றவைத்துக்கொள்வர். அந்த இடத்தில் இப்போது நூலில் கட்டிய ஒரு லைட்டர் தொங்குகிறது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் புகையிலைப் பொருட்கள் விற்பது தண்டனைக்குரிய குற்றம் என்ற பலகை, 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முறையாக மாட்டப்பட்டிருக்கிறது. அப்பலகையின் நிழலில் மிட்டாய்க் குப்பிகளும் பீடிக்கட்டுகளும் அருகருகே இருந்தன. கட்டைப் பிரித்து ஒன்றிரண்டாகவும் விற்கிறார்கள். கட்டின்மேல் அச்சிட்ட கொடிய படத்தைக் காணாமலே பிள்ளைகள் வாங்கிப்போக இது நல்ல வழி. 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், குழந்தைக்குப் புகையிலை கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஓரிலட்ச ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது என்று கடைக்காரரிடம் மெல்லச் சொன்னோம். அவர் மனம் வருந்தினார். பொல்லாதவர் அல்லர், ஊரில் எல்லோருக்கும் உறவினர். “அண்ணாச்சி, அந்நியப் பிள்ளைகளுக்கு நான் கொடுப்பதில்லை. இவன் அப்பாவுக்குத்தானே வாங்கினான்? இவன் அப்பாவும் சின்ன வயதில் இப்படித்தான் வந்து அவன் அப்பாவுக்கு வாங்கிப் போவான்” என்றார்.

கடைவாசலில் நின்றபடியே நம் மனம் ஐம்பதாண்டு பின்னே சென்றது. நம் தந்தையாருக்கு ஒரு கட்டு, மிச்சக் காசுக்கு நமக்கு ஒரு மிட்டாய். ‘அப்பாவுக்கு’ என்ற அச்சொல்லை நாமும் எத்தனை கடைகளில் சொல்லியிருப்போம்! இதே கடையில் நம் அத்தானுக்காக அவர் மகன் அச்சொல்லைச் சொன்னார். அந்த மகனுக்காக இப்போது பேரன் சொல்கிறான். ஒருநாள் அப்பாவுக்கு என்று சொல்லிவிட்டு, அப்பாவிடம் கொடுக்காமல் தன் பையில் வைத்துக்கொண்டான். சொல் அதேதான், கடைக்காரருக்கு வேறுபாடு தெரிய வழியில்லை.

2019-இல் நாடு முழுவதும் பதின்மூன்று முதல் பதினைந்து வயது வரையிலான மாணவரிடையே நடத்தப்பட்ட அரசு ஆய்வில், 8.5 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் புகையிலையைப் பயன்படுத்துவது தெரியவந்தது. ஆண்பிள்ளைகள் 9.6, பெண்பிள்ளைகள் 7.4. நம் வீட்டில் பெண்மக்கள்தாம் என்று நிம்மதியாய் இருப்போர் இரண்டாவது எண்ணை மறுமுறை படிக்கவேண்டுகிறோம். ஆயின் நம்மை உலுக்கியது வேறோர் எண். பீடி பிடித்துப் பார்த்த மாணவருள் 47 விழுக்காட்டினர் பத்து வயது நிறையுமுன்னரே அதைத் தொடங்கியவர்கள். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பம்புசெட்டு அறையும் தோழர் கூட்டமும் ஏது? அந்த வயதில் அவன் உலகம் வீடும் திண்ணையும் தெருமுனைக் கடையுமே. தோழர்கள் பிற்பாடு வந்து தீக்குச்சி கிழித்துக் கொடுக்கிறார்கள்.

அத்தான் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பீடி, சிகரெட்டைவிடச் சிறியது, இலையில் சுற்றியது, ஆகவே தீங்கு குறைந்தது என்று அவர் இறுதிவரை நம்பினார். உண்மை நேர்மாறானது. அவ்விலையில் காற்று புகாது, அடிக்கடி அணையும், அணையாமலிருக்க விரைந்து விரைந்து இழுக்கவேண்டும். அதனால் கரியும் நஞ்சும் சிகரெட்டைக் காட்டிலும் மிகுதியாக உள்ளே செல்கின்றன. கடைசி ஈராண்டுகள் கட்டிலிலிருந்து வாசற்படி வரை நடக்க அவருக்கு மூச்சுப் போதவில்லை. அந்நாட்களிலும் தலையணைக்கடியில் ஒரு கட்டு இருக்கும். அதைக் கொண்டுவந்து கொடுத்தவன், அப்போது ஒன்பது வயதாயிருந்த இப்பேரன். தாத்தாவுக்குச் செய்யும் பணிவிடை என்றே எல்லோரும் எண்ணினோம்.

அன்றிரவு மருமகன் வண்டியை எடுக்கப் புறப்படுமுன் திண்ணையில் நம்மோடு அமர்ந்தார். பள்ளிக்குச் சென்று வந்ததில் அவருக்குப் பெருத்த மான உணர்ச்சி. மகனை நான்கு நாட்களாகப் பேசாமல் தண்டித்து வந்தார். “எவனோ கெடுத்துவிட்டான் மாமா. அவன் யாரென்று தெரிந்தால்…” என்று தொடங்கினார்.

“தெரியும், மருமகனே” என்று கூறி, குளத்தங்கரையில் கேட்டதையும் கடையில் கேட்டதையும் ஒளியாமல் சொன்னோம். சொல்லும்போதே தவறு செய்கிறோமோ என்ற ஐயம் நமக்கு. அவர் கோபக்காரர்.

அவர் ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்த கட்டை எடுத்தார், பழக்கத்தால் ஒன்றை உருவினார், நம் முகத்தைப் பார்த்தார், மீண்டும் செருகினார். “ஐயா கேட்டால் நானும் ஓடிப்போய் வாங்கி வருவேன் மாமா. வரும்வழியில் ஒன்றை உருவிவிடுவேன். அவருக்குத் தெரியாது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் எண்ணிப் பார்த்திருப்பாரோ?” என்றார்.

“என் தந்தையார் எண்ணியிருந்தார். கடைசிக் காலத்தில்தான் சொன்னார்” என்றோம். உள்ளே சுளகைத் தட்டி மூலையில் சாத்தும் ஓசை கேட்டது.

நாம் பதினாறு ஆண்டுகள் புகைத்துவிட்டு விட்டவர்கள். ஒரே நாளில் விடமுடியாது என்பதும், இரவெல்லாம் வண்டி ஓட்டுபவருக்கு அது எவ்வளவு கடினம் என்பதும் தெரியும். ஆகவே விட்டுவிடு என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. அரசு மருத்துவமனைகளில் இதற்கென ஆலோசனை தருகிறார்கள் என்பதை மட்டும் சொன்னோம். பெற்றோர் புகைக்கும் வீட்டில் பிள்ளைகள் அப்பழக்கத்துக்கு ஆட்படுவது மிகுதி என்பதும், பெற்றோர் அதை நிறுத்திய வீட்டில் அவ்வாபத்துக் குறைகிறது என்பதும் பல நாட்டு ஆய்வுகளில் கண்ட செய்தி. அதையும் சொன்னோம். கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை. பத்து மணிக்கு வண்டியைக் கிளப்பிக்கொண்டு சென்றுவிட்டார்.

செவ்வாய் காலையில் நம்மை வழியனுப்பத் தமக்கையாரும் பேரனும் தெருமுனை வரை வந்தனர். கொல்லத்திலிருந்து அப்போதுதான் திரும்பிய மருமகன், வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, கண் சிவந்து கீழே இறங்கினார். வழக்கமாயின் அவ்விடத்திலிருந்தே மகனைக் கூப்பிட்டுக் காசை நீட்டுவாராம். பையனும் பழக்கத்தால் இரண்டடி முன்னே வைத்தான். தகப்பன் கையால் நில் என்று சைகை காட்டிவிட்டு, தாமே சாலையைக் கடந்து கடைக்குச் சென்றார். கடைக்காரர் வழக்கம்போல் ஒரு கட்டை எடுத்து வைத்தார். மருமகன் அதை வாங்கிக்கொண்டார், விட்டுவிடவில்லை. ஆனால் பலகைமேல் கையூன்றிக் குனிந்து கடைக்காரரிடம் ஏதோ சொன்னார். சந்தைக்குப் போகும் வண்டிகளின் இரைச்சலில் நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைக்காரர் சாலைக்கு இப்பாலிருந்த பையனை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

“அப்பா என்ன சொல்கிறார் தாத்தா?” என்று பையன் கேட்டான். அதற்குள் பாவூர்ச்சத்திரம் போகும் பேருந்து வந்துவிட்டது.